மீசைக்காரப் பூனையும் கெளுத்திப் பங்காளியும்

ஒரு காட்டில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் கரை சரிந்து ஆழமான மடு ஒன்று உண்டாகியிருந்தது. மடுவின் மேல் ஒரு மருதமரம் சாய்ந்து நின்றது. தண்ணீருக்குள் இறங்கிய அதன் வேர்களுக்கு இடையே கெளுத்தியும் விராலும் இறாலும் குடியிருந்தன. கரையில் இருந்தபடி மீன் பிடிப்பதற்கு அந்தக் காட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்தக் கரையை முறுக்கன் என்ற காட்டுப்பூனை தன் கரையாக வைத்திருந்தான். முறுக்கன் நல்ல வேட்டைக்காரன். ஈரப் புல்லில் வயிறு படப் படுத்துக்கொண்டு, ஒரு கையால் தண்ணீரை மெல்லத் தட்டுவான். பூச்சி விழுந்துவிட்டது என்று நினைத்து மீன் மேலே வரும். அடுத்த நொடி அது புல்லின் மேல் துள்ளிக்கொண்டிருக்கும். அவனும் அவன் மனைவி செவலியும் குட்டிகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

முறுக்கனுக்கு ஒரே ஒரு குறை. மீசைப் பெருமை. சாப்பிட்டு முடித்ததும் தேங்கிய நீரில் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொள்வான். தவளை வணக்கம் சொன்னால் பதில் சொல்லமாட்டான். ஆமை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மீசை இல்லாத முகத்தோடு எப்படித்தான் வெளியே வருகிறார்களோ என்று செவலியிடம் அலுத்துக்கொள்வான். செவலிக்கும் மீசை இருந்தது. அவளுக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை.

மழை பெய்து ஆற்றில் செந்நிறமாகப் புதுத்தண்ணீர் ஓடிய ஒரு மாலையில், முறுக்கனின் கையில் கொழுத்த கெளுத்தி ஒன்று சிக்கியது. அவன் அதைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். அண்ணாந்து பார்த்த கெளுத்தியின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அவன் மீசைதான். கெளுத்திக்கு மூளை வேகமாக வேலை செய்தது.

"சாவதற்கு நான் வருத்தப்படவில்லை ஐயா" என்றது அது. "ஒரு மீசைக்காரரை இன்னொரு மீசைக்காரரே தின்றுவிட்டார் என்று அந்த மொட்டை முகத் தவளை நாளைக்குச் சிரிக்குமே, அதை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது."

முறுக்கன் குனிந்து பார்த்தான். கெளுத்திக்கு உண்மையிலேயே மீசை இருந்தது. மேல் உதட்டில் இருந்தது, கீழ் உதட்டிலும் இருந்தது. சொல்லப்போனால் அவனுடையதைவிட நீளமாகவே இருந்தது.

அவன் தயங்கியதைக் கண்ட கெளுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு கதையை அவிழ்த்துவிட்டது. முன்னொரு காலத்தில் மீசைக் குலம் ஒன்றாகத்தான் இருந்ததாம். ஒரு பாதி கரையேறிப் பூனையானதாம், மறுபாதி தண்ணீரிலேயே தங்கிக் கெளுத்தியானதாம். இரண்டு வீட்டாரும் பங்காளிகளாம். கரையேறிய கிளையில் மீசையைச் சரியாகக் காப்பாற்றியவர் முறுக்கன் ஒருவர்தான் என்று ஆற்றுக்குள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்களாம்.

தன்னைப் பற்றி ஆற்றுக்குள் பேச்சு நடக்கிறது என்று கேட்டதும் முறுக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் தெரியாமல் கைவைத்துவிட்டதாக அவன் மன்னிப்புக் கேட்டான். கெளுத்தியைத் தன் கையாலேயே தண்ணீரில் இறக்கிவிட்டான். இனி மீசையுள்ள யாரையும் தொடுவதில்லை என்று கெளுத்தி கேட்டபடியே சத்தியமும் செய்தான். மீசையில்லாத விரால்களை ஓட்டிக்கொண்டு வந்து கரையில் சேர்ப்பது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுக் கெளுத்தி வேருக்கடியில் மறைந்தது.

வெறுங்கையோடு வந்த முறுக்கனிடம், குட்டிகளுக்கு என்ன கொடுப்பது என்று செவலி கேட்டாள். குலப்பெருமை தெரியாதவளிடம் என்ன பேசுவது என்று அவன் சலித்துக்கொண்டான். அன்று குட்டிகள் குலத்தின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வெறும் வயிற்றோடு தூங்கின.

மறுநாள் முதல் கரையில் கூட்டம். ஆற்றிலுள்ள கெளுத்திகள் எல்லாம் பங்காளியைப் பார்க்க வந்தன. பார்த்துவிட்டு, கரையோரத்துப் புழுக்களைச் சாவகாசமாக மேய்ந்துவிட்டுப் போயின. பின்னாலேயே இறால்கள் வந்தன. இறாலின் மீசை உடம்பைவிட நீளம். அவை அவனைச் சித்தப்பா என்று அழைத்தன. முறுக்கன் பூரித்துப்போனான்.

மீசையில்லாத விரால்களாவது வரும் என்று அவன் காத்திருந்தான். வரத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொன்றின் வாயோரத்திலும் இரண்டு பாசி இழைகள் தொங்கின. கெளுத்தி செய்து அனுப்பிய ஏற்பாடு அது. ஒரு விராலுக்கு ஒரு பக்கத்து இழையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. மற்றது எங்கே என்று முறுக்கன் கேட்டான். காய்ச்சலில் உதிர்ந்துவிட்டது என்றது விரால். ஐயோ பாவம் என்று அவன் அதையும் விட்டுவிட்டான்.

எதிர்க்கரையில் நின்ற நாரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒற்றை மீசை விரால் தன் பக்கமாக நீந்தி வந்ததும் கொத்தி எடுத்து விழுங்கியது. மானமுள்ள குலத்தவரை இப்படித் தின்னலாமா என்று முறுக்கன் கோபித்துக்கொண்டான்.

"நான் தலைப்பக்கமாக விழுங்குகிறவன்" என்றது நாரை. "மீசைதான் முதலில் உள்ளே போகிறது. அதற்கப்புறம் எல்லா மீனும் ஒரே மாதிரிதான் இருக்கிறது."

நாளாக நாளாக முறுக்கனின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. செவலி புதரடியில் வெட்டுக்கிளிகளைப் பிடித்துக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். அது எந்த மூலைக்குப் போதும்? மீன் பிடிக்க அவள் கரைக்குப் போனபோதெல்லாம், தான் செய்த சத்தியம் குடும்பத்துக்கே பொருந்தும் என்று சொல்லி முறுக்கன் திருப்பி அனுப்பினான். குட்டிகள் விளையாடுவதை நிறுத்தின. கடைசிக் குட்டி எழுந்து நிற்க முயன்று, கால் மடங்கி விழுந்தது. செவலி அதை நக்கிக்கொடுத்தாள். அது கண்ணைத் திறக்கவில்லை.

செவலி அதற்குமேல் பொறுக்கவில்லை. கடைசிக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, மற்றவற்றை முன்னால் நடக்கவிட்டு ஆற்றுக்கு வந்தாள். குட்டிகளை நாணலுக்குள் மறைத்துவிட்டுக் கரைக்குப் போனாள்.

அங்கே கெளுத்தி பேசிக்கொண்டிருந்தது. பயம் விட்டுப்போனதால் அது ஆழமில்லாத இடத்துக்கே வந்துவிட்டது. வயிறு சேற்றிலும் முதுகு வெயிலிலுமாகப் படுத்தபடி, முறுக்கனுக்குக் குலத்தலைவர் என்ற பட்டம் சூட்டப்போவதாக அறிவித்துக்கொண்டிருந்தது. முறுக்கன் நிற்கத் தெம்பில்லாமல் மரத்தில் சாய்ந்துகொண்டு அடக்கமாகத் தலையாட்டினான்.

செவலி வந்து உட்கார்ந்ததைக் கண்டு கெளுத்தி அவளையும் வரவேற்றது. "வாருங்கள் அண்ணி. உங்கள் மீசையும் லட்சணமாகத்தான் இருக்கிறது."

செவலி கையை ஓங்கினாள். ஒரே அடியில் அதைப் புல்லின் மேல் புரட்டிப்போட்டாள். அதன் செவுளோரத்து முட்கள் குத்தாதபடி பிடரியில் கவ்வி அழுத்தினாள். அது அடங்கிவிட்டது.

முறுக்கன் பதறிப்போனான். "என்ன காரியம் செய்தாய்? அவர் நம் பங்காளி."

"பங்காளி என்றால் பங்கு உண்டு அல்லவா?" என்றாள் செவலி. "இது பிள்ளைகளின் பங்கு."

அவள் குரல் கொடுத்ததும் குட்டிகள் ஓடிவந்தன. கடைசிக் குட்டிக்குக் கன்னத்துச் சதையை மென்று ஊட்டினாள். இரண்டு வாய் இறங்கியதும் அது கண்ணைத் திறந்து, மூன்றாவது வாய்க்குச் சண்டை போட்டது.

முறுக்கன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு துக்கம் காத்தான். செவலி வால்துண்டு ஒன்றை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக் குட்டிகளோடு போனாள். காற்று அந்தத் துண்டின் மணத்தை அவன் மூக்குக்குக் கொண்டுவந்தது. முறுக்கன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு துக்கத்தோடு தின்றான். முள்ளையும் விடாமல் தின்றான்.

வாயைத் துடைத்துக்கொண்டதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கெளுத்திப் பெரியவர் நேற்றுவரை நன்றாக இருந்தார், திடீரென்று நம் வீட்டில் காலமாகிவிட்டார் என்று இறால்கள் மூலம் ஆற்றுக்குள் செய்தி அனுப்பினான். செவலி சொல்லி அனுப்பவில்லை. அவனாகவேதான் அனுப்பினான்.

மறுநாள் மாலை கெளுத்திகள் கூட்டம் கூட்டமாகத் துக்கம் விசாரிக்க வந்தன. ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முறுக்கன் ஒவ்வொருவரையும் முறைசொல்லி அழைத்து, இன்னும் கொஞ்சம் கரைப்பக்கமாக வரச்சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் செவலியும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

நீதி: வீண்பெருமைக்காரனைப் புகழ்ந்து ஏமாற்றலாம்; அவன் வீட்டுப் பசியை ஏமாற்ற முடியாது.