தவ் கோயிலுக்குப் போன கதை

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமல்ல, சொற்களும் உயிரோடு திரிந்தன. கடல் தாண்டி, ஆங்கிலம் பேசும் நாட்டில், எதிரில் நிற்பவரை அழைக்க இரண்டு சொற்கள் இருந்தன. தவ் என்பது நம்முடைய 'நீ'. யூ என்பது நம்முடைய 'நீங்கள்'. யூ கொழுகொழுவென்று இருக்கும். பெரிய மனிதர் ஒருவர் வந்தாலும் சாதாரண ஜனம் பத்துப் பேர் வந்தாலும் வாசலுக்குப் போவது அதுதான். தவ் கீரிப்பிள்ளை அளவுதான், ஆனால் அதற்கு வால் உண்டு. எந்த வினைச்சொல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அதன் முடிவில் வாலால் 'ஸ்ட்' என்று ஒரு தட்டுத் தட்டி அந்த ஒலியை ஒட்டிவிடும். வீட்டுக்கு ஒரு தவ் அடுப்போரம் படுத்திருக்கும். கூப்பிட்டால்தான் அதற்குச் சாப்பாடு.

அந்த நாட்டு ஆற்றங்கரை ஒன்றில் ஹாவிஸ் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஆஸ்பர்ட் தோணிக்காரன். அந்த ஊரில் பெண்டாட்டியும் புருஷனை நீ என்றுதான் சொல்வாள். நம்மூர் மாமியார்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும். இருபது வருஷத்தில் அவர்கள் கொஞ்சிக்கொண்டதில்லை. "நீ சாப்பிட்டியா?" என்பாள். "நீ சாப்பிட்டியா?" என்பான். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

குளிர்காலத்தில் அந்த ஆற்றின்மேல் பனி மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. அதனால் ஏறுகிற ஒவ்வொருவரையும் தோணிக்காரன் குரல் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒருநாள் காலை பனிக்குள் கம்பளி மூட்டை மாதிரி ஓர் உருவம் நின்றது. ஆடு மேய்க்கிறவன் என்று நினைத்து, "நீ ஏறு. சேத்துக் காலை உதறிட்டு ஏறு" என்றான் ஆஸ்பர்ட்.

வந்தவர் அந்தச் சீமைக்கே பிரபு. அன்று சாயங்காலமே ஆஸ்பர்ட்டைக் கல்கோபுரத்தில் அடைத்துவிட்டார்கள், பனி விலகும் வரைக்கும்.

ஹாவிஸ் துடுப்பை எடுத்தாள். அவளுக்குப் பயம். தன்னையும் பிடித்துக்கொண்டு போனால் ஆஸ்பர்ட்டுக்குக் கோபுரத்தில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. எதற்கு வம்பு என்று, பனிக்குள் எது அசைந்தாலும், "நீங்க ஏறுங்க" என்றாள். பாதிரியார் ஏறினார், கொல்லன் ஏறினான், சந்தைக்குப் போகிற பன்றியும் ஏறியது.

"எங்க வம்சத்துலயே யாரையும் இப்படிக் கூப்பிட்டதில்லம்மா" என்று பன்றி தலையைத் தாழ்த்தி வணங்கியது.

பிரபுவின் ஆட்கள் ஹாவிஸைத் தொடவில்லை. ஊர் அதைக் கவனித்தது. கொல்லன் தன் மகளை நீங்கள் என்றான், இடையன் தன் நாயை நீங்கள் என்றான். அடுப்போரங்களில் தவ்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

ஹாவிஸின் தவ்வும் எலும்பும் தோலுமாகிவிட்டது. "ஒரே ஒரு தடவை கூப்பிடேன். சுவரைப் பார்த்தாவது சொல்லு" என்றது.

"வீட்டுல சொன்னா ஆத்துலயும் வாய் தவறி வந்துடும். போயிடுங்க!" என்று துடைப்பத்தால் அதை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள்.

பனி விலகியது. ஆஸ்பர்ட் பாதி உடம்பாய்த் திரும்பி வந்து வாசலில் நின்றான். ஹாவிஸ் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். நாக்கு அந்தப் பழைய சொல்லைத் தேடியது. கிடைக்கவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

ஆஸ்பர்ட், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. "நான் மட்டும்தான் வந்திருக்கேன்" என்றான்.

அவளுக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று. தவ்வைத் தேடி வீடு வீடாகப் போனாள், எங்கும் இல்லை. கடைசியில் கோயிலுக்குள் போனால், பீடத்தின் அடியில் உட்கார்ந்து வாலை நக்கிக்கொண்டிருந்தது. நல்ல சதை போட்டிருந்தது.

"இங்க யாரு உனக்குச் சோறு போடறது?" என்றாள். ஆச்சரியத்தில் அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

"உங்க ஊர்க்காரங்கதான். முட்டி போட்டதும் சாமியை என்னை வச்சுத்தானே கூப்பிடறாங்க. சாமி மூடுபனியில வந்து நின்னு யாரையும் கோபுரத்துல போடறதில்லையே."

"வீட்டுக்கு வந்துடு. அவருக்காக வா."

"அவரா?" என்றது தவ். "'அவனுக்காக'ன்னு நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். ஆனா உன் வாசல்ல இன்னும் பயம் உட்கார்ந்திருக்கு, ஹாவிஸ்."

அவள் தலைகுனிந்து வீட்டுக்குத் திரும்பினாள். கஞ்சி ஊற்றிக் கொடுத்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "நீங்க?" என்றான் ஆஸ்பர்ட், பிரபுவுக்குப் பதில் சொல்வதுபோல.

அன்று முதல்தான் அந்த மொழிக்காரர்கள் பிரபுவையும் பன்றியையும் கட்டிய புருஷனையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். தவ் தன் வாலோடு பழைய ஜெபங்களுக்குள் இருந்துவிட்டதால், அதைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இன்றும் முட்டி போட வேண்டியிருக்கிறது.