கீரி வளையில் முழு சிக்னல்

அணைக்குக் கீழே, ஆறு அகலமாகும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. அங்கே ஒரு நீர்நாய் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. கரையில் காட்டுப்பூனை திரியும், திட்டுதான் பத்திரம். ஆனால் அணையின் மதகைத் திறந்தால் திட்டு முழுகிவிடும்.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தது நீர்நாய். அணைச் சுவரில் வசிக்கும் ஓணான், மதகு அசைந்ததும் போனில் செய்தி அனுப்பும். தண்ணீர் வந்து சேர்வதற்குள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையேற்றிவிடலாம்.

திட்டில் சிக்னல் கிடையாது. மலைமேல் இருக்கும் டவரின் அலை கரைப் பாறை வரைக்கும்தான் எட்டும். அங்கேயும் ஒரே ஒரு கோடு. மழைக்காலம் முழுக்க நீர்நாய் அந்தப் பாறையில்தான் கிடக்கும், போனும் கையுமாக.

பாறைக்கு அடியில் ஒரு கீரியின் வளை. கீரி புதிதாக ஒரு வைஃபை பெட்டி வைத்திருந்தது. தன் வளைக்கு நாலு பேர் வந்து போக வேண்டும் என்று அதற்கு ஆசை.

"என்னக்கா, உன்னையே கருவாடு போடுறியா?" என்றது கீரி.

"செய்தி வரணுமே தம்பி."

"ஒத்தைக் கோட்டுல என்னத்த வரும்? மலை எங்க இருக்கு, நீ எங்க இருக்க. உள்ள வந்து பாரு."

நீர்நாய் உள்ளே போனது. போனில் டவரின் கோடு மறைந்தது. வைஃபையின் வளைவுகள் எல்லாம் நிறைந்தன.

"டவர் போயிடுச்சே?"

"மண்ணுக்குள்ள டவர் எட்டாது. எட்டவும் வேணாம். மலையிலேருந்து மண்ணுக்கடியில ஒரு கம்பி வருது. கம்பி பெட்டிக்குச் சொல்லும், பெட்டி உன் போனுக்குச் சொல்லும். காத்து, மழைங்கிற சள்ளையே இல்ல."

நீர்நாய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே நிழலாக இருந்தது. ஓணான் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூப்படம் நொடியில் திறந்தது. பாறையில் அது பாதிப் பூவோடு நின்றுவிடும். சில நாட்களில் நீர்நாய்க்குப் பாறை மறந்தே போனது.

அந்தக் கம்பி போகும் வழியில் ஒரு பெருச்சாளி இருந்தது. அதற்கு யார்மீதும் பகை இல்லை. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஒருநாள் விடிந்ததும் வாய்க்குக் கம்பி அகப்பட்டது. கடித்தது. இரண்டாகப் போனதும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

அன்றைக்கு மதகு திறந்தது.

ஓணான் நீர்நாய்க்குச் செய்தி அனுப்பியது. ஆற்றோரம் வளை வைத்திருப்பதால் கீரிக்கும் அனுப்பியது. இரண்டும் போய்ச் சேரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது.

வளைக்குள் நீர்நாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இன்னைக்கு ஓணான் பூவே போடலியே?"

"போடாட்டி விடு. தண்ணி வந்தா சொல்லாமலா இருப்பான்? முழுசா நிக்குது பாரு."

அந்த வளைவுகள் பொய் சொல்லவில்லை. போனுக்கும் பெட்டிக்கும் நடுவே எல்லாம் சரியாகவே இருந்தது. பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது அவற்றின் வேலை இல்லை.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நேரம் ஆனது. நீர்நாய் வெளியே வந்து பாறையில் ஏறியது. வைஃபை விட்டுப்போனது. போன் சற்றுத் தடுமாறி டவரைப் பிடித்தது. ஒரே ஒரு கோடு. செய்திகள் அடுத்தடுத்து விழுந்தன.

"மதகு திறந்தாச்சு."

"அக்கா, ரெண்டாவதும் திறந்தாச்சு."

"போனை எடு அக்கா."

நீர்நாய் வளைக்குள் தலையை விட்டுக் கத்தியது. "தம்பி, தண்ணி வருது! வா, நீ ஒண்ணைத் தூக்கு. நான் ரெண்டு நடை போறேன்."

கீரி தன் போனைப் பார்த்தது. "எனக்கு ஒண்ணும் வரலியேக்கா. உனக்கு அனுப்புனா எனக்கும் அனுப்பியிருப்பான்ல?"

"எனக்கு வந்திருக்குடா."

"ஒத்தைக் கோட்டுல வந்ததுதானே? பழைய செய்தியா இருக்கும். இங்க முழுசா இருக்கு. எனக்கும் வரட்டும், உடனே ஓடியாறேன்."

வாதாட நேரமில்லை. நீர்நாய் ஆற்றில் பாய்ந்தது. முதல் குட்டியைக் கவ்விக் கரையில் போட்டது. இரண்டாவதைக் கவ்வும்போது தண்ணீர் கலங்கி வேகமெடுத்திருந்தது. மூன்றாவது தடவை போனபோது திட்டு இல்லை. நாணல் நுனிகள் மட்டும் தெரிந்தன. முழுகித் தேடியது. மறுபடியும் முழுகியது. பிறகு வெறும் வாயோடு திரும்பி வந்தது.

தண்ணீர் வளைக்குள் புகுந்தது. கீரி மேல்வாசல் வழியாகத் தப்பிப் பாறையில் ஏறியது. அங்கே அதன் போனும் டவரைப் பிடித்தது. ஓணானின் செய்தி அதற்கும் வந்து சேர்ந்தது.

நீர்நாய் இரண்டு குட்டிகளையும் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீரி தன் போனைப் பாறையில் கவிழ்த்து வைத்தது.

பக்கத்தில் இருப்பது பலமாகத் தெரிவதாலேயே அது நம்மைத் தூரத்தோடு சேர்த்துவைத்திருக்கிறது என்று நம்பி, பதறி ஓடிவந்து சொல்பவரின் சொல்லைத் தள்ளக் கூடாது.