பேராசிரியரும் பத்தொன்பது கூட்டாளிகளும்

உப்பளத்து ஊர் ஒன்றுக்குப் பேராசிரியர் கதிரேசன் ஆய்வுக்கு வந்தார். "இந்த ஊர்த் தாய்மார்கள் எல்லாம் இனி என் ஆய்வில் கூட்டாளிகள்" என்று பால்வாடிக்கு வந்து ஆயா பேச்சித்தாயிடம் சொன்னார். "நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லாரும் இங்கே இருக்கணும். ஒன்பது மணிக்கு எனக்கு ரயில்."

"ஆறு மணிக்கு அவங்க அளத்துல உப்பு வாரிக்கிட்டு இருப்பாங்க சார். பிள்ளைகளை விட இடமில்லாமத்தான் பால்வாடியை விடியக்காலையிலேயே திறக்கச் சொல்லிக் கேக்குறாங்க."

"அதெல்லாம் தேவையில்லை. வீட்டில் யாராவது பார்த்துப்பாங்க. நீ கூட்டிட்டு வா."

"சரிங்க சார்."

மறுநாள் ஆறு மணிக்குப் பத்தொன்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தன. தாய் ஒருத்தியும் வரவில்லை.

"கூட்டாளின்னா வேலையில பாதி உங்களுதாம் சார். அவங்க வர்ற வரைக்கும் பார்த்துக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் அடுப்பு மூட்டப் போனாள்.

பத்து மணிக்குத் தாய்மார்கள் வந்தபோது பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி ஒரு பிள்ளையின் வாயில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் அவர் மடியை நனைத்திருந்தன. ரயில் எப்போதோ போய்விட்டது.

பேச்சித்தாய், தாய்மார்களிடம் கேட்க அவர் கொண்டுவந்திருந்த ஆய்வுப் படிவத்தையே எடுத்து அவரிடம் நீட்டினாள். "பன்னிரண்டாவது கேள்வி சார். விடியக்காலையில பிள்ளைகளைப் பார்த்துக்க ஆள் வேணுமா?"

"வேணும்" என்று அவர் எழுதினார்.

"கீழே பதில் சொன்னவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல உங்க பேரை எழுதிடுங்க."