பிசைந்த கை

ஆற்றங்கரை மடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பால்சோறு உண்டு. அதைச் சாமியம்மா தன் கையாலேயே பிசைவார். வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் அரிசி குழைய வெந்துவிடும். சூடு ஆறியதும் காய்ச்சின பாலை விட்டு, சீனியும் ஏலக்காயும் போட்டு, பெரிய அண்டாவுக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைவார். பிறகு மூடி வைத்துவிடுவார்கள். மத்தியானம் பூசை முடிந்ததும் அண்டாவை அடுப்பில் ஏற்றி, திரும்பவும் கொதிக்கச் சூடாக்கிப் பரிமாறுவார்கள்.

அந்தக் கையால் ஒரு வாய் வாங்கினால் நோய் தீரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பிள்ளை மெலிந்துபோனால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் சங்கரலிங்கத்துக்கு அறுபத்தாறு. சாமியம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சங்கரலிங்கம் அரசாங்கத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருசம் ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டவர்.

அந்த மாசிப் பௌர்ணமிக்கு அறுபது பேர் சாப்பிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் நாற்பத்தொரு பேருக்கு வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். சிலருக்கு வயிற்றோட்டமும் இருந்தது. மூன்று பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். அதில் ஒன்று சுடலைமுத்துவின் மகள், நாலு வயதுப் பிள்ளை. மறுநாள் எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பால் கெட்ட பால்" என்றது ஊர்.

பால் மாடத்தியுடையது. இரண்டு மாடு வைத்திருக்கிறாள். புருசன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. மடத்துக்கு ஊற்றியது போக, பதினோரு வீட்டுக்கு ஊற்றி, மிச்சத்தைப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவாள்.

ஊர்க்காரர்கள் சங்கரலிங்கத்திடம் வந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க இதுலயே கெடந்து வந்தவுக. பால்தான?"

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் காலையில் மாடத்தி தூக்குவாளியோடு மடத்து வாசலில் வந்து நின்றாள். சங்கரலிங்கம் வெளியே வந்தார்.

"பால் வேண்டாம் மாடத்தி."

"ஏன் அண்ணாச்சி?"

"ரெண்டு நாள் போகட்டும்."

"ரெண்டு நாள் போயிட்டு அண்ணாச்சி. சொசைட்டில கேனைத் திறக்கவே விட மாட்டேங்காக. பதினோரு வீட்லயும் என்னப் பாத்ததும் கதவைச் சாத்துதாக. கறக்காம விட்டா மாட்டுக்கு மடி கட்டிக்கிடும். கறந்து கறந்து வாய்க்கால்ல ஊத்துதேன். தண்ணி வெள்ளையாப் போறத எம் பிள்ளைக நின்னு பாக்குதுக."

அவர் வாளியையே பார்த்தார்.

"நீங்க படிச்சவுக. என் பால்தான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க. சனிக்கிழமைச் சந்தையில ரெண்டு மாட்டையும் வித்துட்டு நான் பீடி சுத்தப் போறேன்."

"போயிட்டு வா மாடத்தி."

அவள் போனாள். வாளி நிறைவாகவே இருந்ததால் மெதுவாகத்தான் நடந்தாள்.

உள்ளே சாமியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை நடுவிரலில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. நகச்சுற்று. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் வந்தது, இன்னும் ஆறவில்லை. வாசலில் நடந்த பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது.

"அண்ணாச்சி, இப்படி உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"வேலையில இருந்தப்ப, ஒரு ஊர்ல எல்லாருக்கும் வாந்தின்னா என்ன செய்வீங்க?"

"வீடு வீடாப் போய்க் கேப்போம். என்ன சாப்பிட்டீங்க, எப்பச் சாப்பிட்டீங்கன்னு. நோவு வந்தவுகளையும் கேக்கணும், வராதவுகளையும் கேக்கணும். வராதவுகளைத்தான் முக்கியமாக் கேக்கணும்."

"இங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார்.

"சொல்லுங்க."

"நாப்பத்தொரு பேரும் பால்சோறு சாப்பிட்டவுக. சர்க்கரை வியாதிக்காரவுக ஏழு பேர் சாம்பார்ச் சோத்தோட எழுந்துட்டாக. அவுகளுக்கு ஒண்ணும் இல்ல."

"பாலு?"

"அதே பாலுலதான் பதினோரு வீட்லயும் காப்பி போட்டுக் குடிச்சிருக்காக. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்பப் பால் இல்ல."

"பால் இல்ல."

"தண்ணியா?"

"தண்ணின்னா சாம்பார்ச் சோறு சாப்பிட்டவுகளையும் விட்டிருக்காது. காய்ச்சலும் இல்ல. டைபாய்டுன்னா கிருமி உள்ள போய்ப் பெருகி வர நாள்க்கணக்காகும். இது மூணு மணி நேரத்துல வந்துட்டு. கிருமி வயித்துல பெருகல சாமியம்மா. காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் அண்டாவுல சோத்துக்குள்ளயே பெருகி, சோத்துக்குள்ளயே நஞ்சை விட்டு வச்சிருக்கு."

"திரும்பக் கொதிக்க வச்சமே."

"கொதிச்சா கிருமி செத்துரும். அது விட்ட நஞ்சு போகாது. எத்தனை தடவை கொதிச்சாலும் அப்படியேதான் கெடக்கும்."

"அந்தக் கிருமி எங்கருந்து வரும்?"

"மனுசங்ககிட்டதான் இருக்கும். மூக்குல இருக்கும், தோல்ல இருக்கும். ஒண்ணும் செய்யாம சும்மா கெடக்கும். ஒரு புண்ணு, ஒரு கொப்புளம்னு கெடச்சிட்டா அதுல ஏறி..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சாமியம்மா எலுமிச்சம்பழத்தைக் கழற்றினார். விரல் சிவந்து வீங்கியிருந்தது. நகத்தோரமாக மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது.

"இதுலயா?"

சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார். பௌர்ணமி அன்று காலையில் சாமியம்மா கழற்றிக் கொடுத்த பழத்தைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டது அவர்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குச் சாயந்தரமே."

"மாடத்தி எத்தனை நாள் பாலைக் கொட்டினா?"

"ரெண்டு நாள். இன்னைக்கும் சேத்தா மூணு."

சாமியம்மா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சங்கரலிங்கத்துக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவரே பேசினார்.

"என்னை என்ன செய்யச் சொல்றீங்க? சீக்காளிப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க கைக்காகத்தான் வாராக. தினம் முப்பது பேருக்கு இங்க சோறு பொங்குதோம். அந்தக் கைக்காகத்தான் அரிசி வருது. அதே கையிலருந்துதான் நோவு வந்துதுன்னு நான் எப்படிச் சொல்ல? மாடத்தி நாலு நாள் கஷ்டப்படுவா, ஊர் மறந்துரும். கை போச்சுன்னா மடமே போச்சு. நான் செஞ்சது தப்பா சாமியம்மா?"

"பெரியாஸ்பத்திரிக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றார் சாமியம்மா.

"ஒன்பதே காலுக்கு."

ஆஸ்பத்திரியில் விரலைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். நல்லாயிட்டுன்னு நடுவுல நிறுத்திராதீங்க என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வரும்போது மத்தியானப் பந்திக்கு இலை போட்டிருந்தது. சாமியம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று தெரிந்து வழக்கத்தைவிடக் கூட்டம். சுடலைமுத்துவும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மாடத்தியை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் உள்ளே வராமல் வாசல்படிக்குக் கீழேயே நின்றாள்.

சாமியம்மா கரண்டியைத் தொடவில்லை. பந்திக்கு நடுவில் வந்து கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார்.

"பௌர்ணமிச் சோத்துல இருந்த நஞ்சு இந்த விரல்லருந்து வந்தது. மாடத்தி பால்ல ஒண்ணும் இல்ல. எப்படின்னு அண்ணாச்சி சொல்லுவாக."

சங்கரலிங்கம் முன்னால் வந்தார். பிறகு, பழைய நாளில் மேலதிகாரி முன்னால் ரிப்போர்ட் வாசிப்பதுபோல வாசித்தார். பால்சோறு சாப்பிட்டவர்கள். சாப்பிடாத ஏழு பேர். பதினோரு வீட்டுக் காப்பி. விரல். அண்டா மூடிக் கிடந்த ஆறு மணி நேரம். ஒன்றையும் விடவில்லை.

ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நம்ம கர்மத்தையெல்லாம் சாமியம்மா தன் விரல்ல வாங்கிக்கிட்டாக!"

"ஆமா, ஆமா" என்றார்கள் இரண்டு மூன்று பேர். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று சங்கரலிங்கத்துக்கும் ஒரு நிமிசம் தோன்றியது.

"கர்மம் இல்லம்மா, சீழ்" என்றார் சாமியம்மா. "பழத்தைச் செருகியிருந்தா நீங்க பாத்துருவீங்கன்னு கழத்தினேன். நான் பிசையலைன்னா பௌர்ணமியே நடக்காதுன்னு எனக்கு ஒரு நெனப்பு."

கும்பிட்ட கை இறங்கியது.

"இன்ஸ்பெக்டர் ஊர்க் கெணத்தையெல்லாம் எட்டிப் பாத்தாரு வே, வீட்டு அண்டாவைப் பாக்கலையே" என்றார் கடைசி இலையில் இருந்தவர். சிலர் சிரித்தார்கள்.

சுடலைமுத்து சிரிக்கவில்லை.

"எம் பிள்ளைக்கு நரம்பு கெடைக்காம நாலு எடத்துல ஊசி குத்துனாக. ரெண்டு பேர் காலை அமுக்கிப் பிடிச்சோம். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. சொல்லு."

"என்னத்தச் சொல்ல? சாமின்னு நம்பி வந்தா வாயில நஞ்சை ஊட்டுவீகளோ? நீங்க ஊட்டும்போது நாந்தான பிள்ளைய வாயைத் திறக்கச் சொன்னேன்!"

"ஆமா."

 சுடலைமுத்து பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அவன் பின்னாலேயே நாலைந்து பேர் இலையை மூடாமல் எழுந்தார்கள்.

சாமியம்மா வாசலுக்குப் போனார்.

"மாடத்தி, மூணு நாள் உன் பாலை வாய்க்கால்ல ஊத்த வச்சுட்டேன்."

"அது நீங்க இல்ல" என்றார் பின்னால் வந்த சங்கரலிங்கம். "தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தது நான்."

மாடத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதைச் சொசைட்டில வந்து சொல்லுவீகளா அண்ணாச்சி?"

"காலையில வாரேன்."

மறுநாள் ஐந்தரை மணிக்குச் சொசைட்டியில் போய் நின்று சொன்னார். அங்கிருந்த ஆள் கேனைத் திறந்து, பாலை அளந்து ஊற்றிக்கொண்டான். பிறகு வீடு வீடாகவும் போனார். பதினோரு வீட்டில் ஒன்பது வீட்டார் திரும்ப வாங்கினார்கள். இரண்டு வீட்டார், எதுக்கு வம்பு என்று பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள். சனிக்கிழமைச் சந்தைக்கு மாடத்தி போகவில்லை.

மடத்துக்கு அந்த மாதம் அரிசி குறைவாகத்தான் வந்தது. பாதி நாள் கஞ்சிதான் ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை.

ஒரு நாள் சாமியம்மா விரல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது சங்கரலிங்கம் கேட்டார்.

"மாடத்திக்கு நல்லபடியா முடிஞ்சுது. எனக்கும் மனசு லேசாச்சு. ஆனா இனிமே உங்க கையை யார் சாமியம்மா நம்புவா?"

சாமியம்மா விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். 

அடுத்த பௌர்ணமி வந்தது. இந்தத் தடவை காலையிலேயே பிசைந்து வைக்கவில்லை. பந்திக்கு முன்னால் பிசைந்து உடனே பரிமாறுவது என்று வைத்துக்கொண்டார்கள். அண்டாவும் சின்னது. இருபது பேருக்குத்தான்.

மாடத்தி பாலைக் கொண்டுவந்து அடுப்படியிலேயே நின்று காய்ச்சிக் கொடுத்தாள். சோறு ஆறியது. சாமியம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவுக்குக் குனிந்தார்.

"நில்லுங்க" என்றாள் மாடத்தி. "கையைக் கழுவினீகளா?"

 மடத்தில் அப்படி ஒரு கேள்வியைச் சாமியம்மாவிடம் யாரும் கேட்டதில்லை.

"ஏ மாடத்தி! யார்கிட்ட என்ன கேக்க?" என்றார் சங்கரலிங்கம்.

சாமியம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் விறகுக் கரி.

"கழுவல" என்றார்.

முற்றத்தில் போய்க் குந்தி இரண்டு கையையும் நீட்டினார். மாடத்தி சோப்பை எடுத்துக் கொடுத்துச் செம்பால் தண்ணீர் ஊற்றினாள். "நகத்துக்குள்ளயும் தேயுங்க" என்றாள். சாமியம்மா நகத்துக்குள்ளும் தேய்த்தார்.

சங்கரலிங்கம் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியம்மா தலையைத் தூக்கினார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, இவ நம்பல. இன்னைக்குச் சோறு நல்லாருக்கும்."