நூறு அதிரசம்

மந்திக்காட்டு ராஜா வாயைத் திறந்தால் சமையல்காரன் சோலையப்பனின் சம்பளப் பெருமைதான். "எந்த ஊர் அரண்மனையில் சமையல்காரனுக்கு மாதம் நூறு வராகன் கொடுக்கிறார்கள்?" என்பார்.

முன்கட்டிலிருந்து அடுக்களைக்கு ஐந்து வாசல். சம்பளம் ஒவ்வொரு வாசலிலும் காவல்காரனுக்கு வரி கட்டித்தான் வர வேண்டும். பெரிய சம்பளத்துக்குப் பெரிய வரி. சோலையப்பன் கைக்கு நாற்பதுதான் வரும். ராஜா அதையெல்லாம் விசாரித்ததில்லை.

ஒருநாள் நூறு விருந்தாளிகள் வந்தார்கள். "ஆளுக்கு ஓர் அதிரசம். நூறு வராகன் வாங்குகிறவன் நீ. ஒன்று குறைந்தாலும் வேலை போச்சு" என்றார் ராஜா.

சோலையப்பன் நூறு சுட்டான். தட்டோடு புறப்பட்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஐயா, என் சம்பளத்தில் எடுக்கிற கணக்குக்கே எடுத்துக்குங்க" என்றான். சுடச்சுட அதிரசத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பந்தியில் நாற்பது பேருக்கு வந்தது. மற்றவர்கள் வெறும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"நூறு எங்கேடா?" என்றார் ராஜா.

"நூறுதான் சுட்டேன் மகாராஜா. நடுவில் அஞ்சு வாசல் இருக்கே. என் சம்பளமும் இப்படித்தான் வருது. அதை நூறுன்னுதானே சொல்றீங்க, இதையும் நூறுன்னே சொல்லிடுங்க."

வெறும் இலைக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். ராஜாவுக்கும் அடக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ராஜாவே சம்பளத்தை மடியில் கட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். அவரிடம் எந்த வாசலில் வரி கேட்பார்கள்? நூறும் முழுசாக வந்து சேர்ந்தது.

கொடுத்துவிட்டு அவர் திரும்பவில்லை. அடுப்புப் பக்கமாக உட்கார்ந்து, "அந்த அதிரசம் இங்கே முழுசாகக் கிடைக்குமா?" என்றார்.