வெடிப்பில்லாத குதிகால்

ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு வயசு பிறக்க ஒன்பது நாள் இருந்தது. அவருடைய அப்பா அந்த வயசில்தான் போனார். அண்ணனும் அந்த வயசில்தான். கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவர், இப்போது தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தபடி ஒரு மலை மடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மடத்துச் சாமிக்கு நூற்று நாற்பது வயசு என்று ஒரு பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இந்தப் படித்த மனுஷன் மூட்டை கட்டினார். பயம் வந்துவிட்டால் படிப்பாவது ஒன்றாவது.

தினமும் காலையில் சீடர்கள் சாமியின் காலில் விழுவார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தார்கள். ஏகாம்பரம் மட்டும் கண்ணைத் திறந்தபடி விழுந்து, சாமியின் குதிகாலைப் பார்த்தார். நாற்பது நாளாக ஒரு வெடிப்பும் இல்லை. மூப்பே அண்டாத உடம்பு என்று முடிவு கட்டினார். சாமி ஒரு கடுக்காய் தின்றால் இவர் மூன்று தின்றார். அதற்கப்புறம் அவர் வயிறு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம்.

அன்று மனைவி செண்பகம் போன் செய்தாள். சாமி பக்கத்தில்தான் கடுக்காய் தட்டிக்கொண்டிருந்தார்.

"பேத்திக்குக் காது குத்து. வர்றீங்களா, இல்லையா?"

"இந்த ஒரு வருஷம் தாண்டட்டும், செண்பகம்."

"ஆமா, அதுவரைக்கும் குழந்தை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், பாருங்க!"

போனை வைத்தவர் நேரே போய்ச் சாமி காலில் விழுந்தார். விழுந்தவர் எழவில்லை.

"எழுந்திருங்க ஐயா."

"ரகசியத்தைச் சொல்லுங்க, எழுந்திருக்கிறேன்."

"என்ன ரகசியம்?"

"உங்க குதிகால்ல வெடிப்பே இல்ல, சாமி."

"விளக்கெண்ணெய். தினம் தடவுறேன்."

"நூத்தி நாப்பது வயசுன்னு சொன்னாங்களே?"

"அம்பத்தெட்டு. உங்களுக்குத் தம்பி நான்."

ஏகாம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ இந்த உடம்புல சாகாதது ஒண்ணுகூட இல்லையா?"

சாமி கையிலிருந்த கடுக்காயைக் கீழே வைத்தார். பிறகு, "இருக்கு" என்றார்.

ஏகாம்பரத்தைத் தூக்கி உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்துத் தன் தாடிக்குள் விட்டு, கழுத்தோரம் வைத்தார். நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒரு கட்டி.

"போன மாசம் டவுன் ஆஸ்பத்திரியில ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க. மத்த அணுவெல்லாம் காலாகாலத்துல செத்து வழி விடுதாம். இது மட்டும் சாகவே மாட்டேங்குதாம். பெருகிக்கிட்டே போகுதாம்."

ஏகாம்பரத்துக்கு அது தெரியும். வருஷா வருஷம் பலகையில் படம் போட்டு நடத்திய பாடம்தான். விரல்கள் நடுங்கின. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சாமி விடவில்லை.

"நாற்பது நாளா நீங்க தேடினது இதுதானே ஐயா? நல்லாத் தொட்டுப் பாருங்க."

"சாமி... உங்களுக்குப் பயமா இல்லையா?"

"நடுங்குறது உங்க கை மட்டும்னு நினைச்சீங்களா?"

ஏகாம்பரம் அப்போதுதான் கவனித்தார். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சாமி மெல்லக் கையை விட்டார்.

"பேத்திக்குக் காது குத்து என்னைக்கு?"