கையைக் கட்டிக்கொண்டு செய்த பணிவிடை

"நான் எதுல குறை வச்சேன், அம்மா?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மாசிலாமணி கேட்டார்.

கட்டிலில் கிடந்த வடிவம்மை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார்.

கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு மாசிலாமணி அந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்து பதினோரு வருடம். மடத்தை நடத்திய வடிவம்மைதான் அவருக்குக் குரு.

நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து அம்மை பிழைத்து வந்தார். அன்றிலிருந்து அவரைத் தரையில் கால் வைக்க மாசிலாமணி விடவில்லை. தூக்கி உட்கார வைத்தார். ஊட்டிவிட்டார். புரண்டு படுக்கக்கூடக் கை கொடுத்தார்.

"கொஞ்சம் எந்திரிச்சுப் பாக்கேனே" என்பார் அம்மை.

"விழுந்துட்டீங்கன்னா?"

மாசிலாமணியின் அப்பா காய்ச்சலோடு எழுந்து போய் முற்றத்தில் விழுந்தவர். பிறகு எழவே இல்லை. அம்மைக்கு அது தெரியும். அதனால் பேசாமல் படுத்துக்கொள்வார்.

இரண்டு மாதம் ஆயிற்று. அம்மையின் கால்கள் குச்சியாகிவிட்டன. இல்லாத சர்க்கரை வந்து ஏறிக்கொண்டே போனது. பாடம் சொல்லும்போது பாதியில் நின்று, என்ன சொன்னேன் என்று கேட்டார்.

அன்று மத்தியானம் டாக்டர் பர்வீன் பார்க்க வந்தார். மாரில் குழாயை வைத்துக் கேட்டார். தொடையை அழுத்திப் பார்த்தார்.

"காய்ச்சல் எப்பவோ போயிட்டு. நெஞ்சும் சுத்தமா இருக்கு. இவங்க நடக்காங்களா?"

"ஒரு வேலையும் வைக்கிறதில்ல, டாக்டர்." மாசிலாமணியின் குரலில் பெருமை இருந்தது.

"அதுதான் சங்கடம். தசை நம்மளைச் சுமக்க மட்டும் இல்ல. வேலை செய்யும்போது ரத்தத்துல சேதி அனுப்பும். ஈரலுக்குப் போகும், மூளைக்குப் போகும். சர்க்கரையை எடுத்துக்கோ, அழற்சியை அடக்குன்னு சொல்லும். ரெண்டு மாசமா இவங்க உடம்புல அந்தச் சேதி சரியாப் போகல."

"அதுக்கு மாத்திரை எழுதுங்க."

"அவ்வளவையும் அடைச்ச மாத்திரை இன்னும் வரல. வந்தா முதல்ல நான் போட்டுக்குவேன்."

டாக்டர் போன பிறகு மாசிலாமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்களை இப்படி ஆக்கினது நானா, அம்மா?"

"நீ பயந்தே. உன் பயத்துக்கு நான் இடம் கொடுத்தேன். ரெண்டு பேரும்தான்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"வாசல்ல போய் உக்காரு. கையைக் கட்டிக்கோ. கூப்பிட்டா மட்டும் வா."

போய் உட்கார்ந்தார்.

உள்ளே கட்டில் முனகியது. பிறகு சத்தமே இல்லை.

பாதம் தரையில் இழுபடுவது கேட்டது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

தொப்பென்று ஏதோ சுவரில் மோதியது. மாசிலாமணி பாதி எழுந்துவிட்டார்.

அம்மை கூப்பிடவில்லை.

திரும்ப உட்கார்ந்தார். விரல்கள் வலிக்கும்வரை கையை இறுக்கிக்கொண்டார். பதினோரு வருடத்தில் இத்தனை கஷ்டமான வேலையை அம்மை அவருக்குக் கொடுத்ததில்லை.

மூச்சு வாங்கும் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வடிவம்மை நின்றிருந்தார். கால்கள் நடுங்கின. நெற்றியெல்லாம் வியர்வை.

"எத்தனை நாளாச்சு, இப்படி வேர்த்து" என்றார்.

மறுநாள் வாசல் வரை இரண்டு தடவை வந்தார். அடுத்த வாரம் முற்றம். ஒரு மாதத்தில் வேப்பமரம் வரை நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாகச் செய்தார். மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டே எண்ணினார்.

இரண்டாம் மாதம் டாக்டர் பர்வீன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. அம்மை அன்றைய பாடத்தை நிற்காமல் சொல்லி முடித்தார். மாசிலாமணி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அம்மை ஆற்றுக்குப் புறப்பட்டார். மாசிலாமணி முன்னால் ஓடினார். பாதையில் கிடந்த கல்லைப் பொறுக்கினார். முள்ளை ஒதுக்கினார். சரிவு வந்ததும் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மாசிலாமணி."

"அம்மா?"

"தள்ளிக்கோ. வழியை மறைச்சுட்டு நிக்கே."